பச்சைச் சிட்டு பற்றி ஒரு திருத்தம்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வாலுவும் அங்கே இதைவிடச் சுகமாக இருக்க வேண்டும். குளிர் இந்த வருடம் கொஞ்சம் அதிகம். காலையில் துணிக்கொடி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கிறது, முந்தின நாள் எடுக்க மறந்த துண்டு அட்டை மாதிரி விறைத்துத் தொங்குகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, ஆனால் படியேறும்போது மட்டும்தான் முனகுகிறாள், மாடியில் தையல்காரம்மா வீட்டுக்குப் பேசப் போகும்போது முனகுவதில்லை. கீசர் பழுதாகிவிட்டது. பிளம்பர் வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், இது எனக்கு மூத்தது, நான் கை வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார், புதிதுக்குச் சொல்லியிருக்கிறேன். உன் அத்தை வீடு மாறிவிட்டாள். புது வீட்டில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக்காரர் பல் தேய்ப்பதுதான் தெரிகிறதாம், "அண்ணா, அவர் சரியாவும் தேய்க்கறதில்ல" என்று போனில் குறைப்பட்டுக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு வேலை நேரம் மாறியிருக்கிறது என்றாய், தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள், அவர் தூக்கத்தை மட்டுமல்ல, உன்னுடையதையும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று போனில் உன்னிடம் பாதி சொல்லி வைத்துவிட்டேன். வாலுவின் பள்ளிக்கூடத்தில் அவர்கள் வகுப்பு மாட்டியிருக்கும் பறவைத் தீனிக் குழாயை உடனே இறக்கச் சொல், நன்றாகக் கழுவிக் காய வைக்கச் சொல், காரணத்தை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். நீ திரும்பக் கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை. குளிக்கிறார் என்று சொல்லிவிடு என்று அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா உன்னிடம் என்ன சொன்னாளோ தெரியாது, வைத்த பிறகு என்னிடம் சொன்னது இதுதான்: "இந்தக் குளிர்ல, கீசரும் இல்லாம, சாயங்காலத்துல ஒரு மனுஷன் குளிக்கிறாராம். இதை அவ நம்புவாளாங்க? பொய் சொல்றதுன்னா கொஞ்சம் யோசிச்சு சொல்லுங்க." ஆனால் நேற்று நான் சொன்ன முதல் பொய் அது இல்லை. உனக்கு முன்னால் போனை எடுத்தது வாலு. எடுத்ததும், "தாத்தா, உதவி ஆசிரியர் சாப்பிட்டாரா?" என்று கேட்டாள். "சாப்பிட்டார்" என்று சொன்னேன். "குட்டியா சாப்பிட்டாரா, நிறையவா?" என்றாள். "நிறைய" என்றேன். அந்தப் பறவை செத்துப் போய், பின்பக்கத்துச் செடித்தொட்டியில் நானே மண்ணைத் தள்ளிப் புதைத்து நாளாகிறது.

இதை முதலிலிருந்து வரிசையாக எழுதினால்தான் உனக்குப் புரியும், எனக்கும் அப்படித்தான் எழுத வரும். போன குளிர்காலத்தின் முடிவில் நீ பார்சலில் அனுப்பினாயே, துளை வைத்த கண்ணாடிக் குழாய், அதை இந்த முறை குளிர் தொடங்கியதுமே சாப்பாட்டு அறை ஜன்னலுக்கு வெளியே கொக்கி போட்டு மாட்டினேன். சூரியகாந்தி விதை நிரப்பினேன், கீழே ஒரு மண் தட்டில் தண்ணீர் வைத்தேன். முதலில் யாரும் வரவில்லை. பிறகு அந்தப் பச்சைச் சிட்டுகள் வந்தன, இறக்கை ஓரத்தில் மஞ்சள் கோடு போட்டவை, ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போய்க் கூட்டத்தையே கூட்டி வந்தது. ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்தது என்று வைத்துக்கொள். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அம்மா இரண்டாவது முறை கூப்பிடும்வரை அசைய மாட்டேன். இதெல்லாம் உனக்கு எழுதியதுதான். எழுதாதது ஒன்று உண்டு. குழாயின் துளையோரம் எச்சமும் ஈரத்தூளும் ஒட்டிக் கருத்துக் கிடந்ததைப் பார்த்து அம்மா ஆரம்பத்திலேயே, "குடுங்க, கழுவித் தர்றேன்" என்றாள். சோப்பு வாசனை பட்டால் பறவை வராது என்று நான் சொன்னேன். யாரிடம் கேட்டுச் சொன்னேன் என்று நினைக்கிறாய்? யாரிடமும் இல்லை. "நாம சாப்பிடற தட்டை வேளைக்கு வேளை கழுவறோம், அதுங்க மட்டும் எச்சில்லயே சாப்பிடணுமா?" என்று கேட்டாள். காட்டுப் பறவைக்கு உன் சமையலறைச் சட்டம் செல்லாது என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது காது சூடாகிறது.

எனக்குத் தெரிந்ததோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. எதிர் வீட்டு ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், நீ ஹாரன் மாமா என்று கூப்பிடுவாயே, அவரையும் ஒன்று வாங்கி மாட்ட வைத்தேன். மாடியில் தையல்காரம்மாவின் பால்கனியிலும் ஒன்று. மூன்று இடத்துக்கும் அதே கூட்டம்தான் மாறி மாறி வந்தது. கழுவ வேண்டாம் என்ற பாடத்தை இருவருக்கும் நானே நடத்தினேன். ஹாரனுக்குத்தான் மெதுவாகப் பேசவே வராதே, தெருவுக்குக் குறுக்கே நின்றுகொண்டு, "சார், இன்னிக்கு ஃபுல் லோடு! நின்னுக்கிட்டு வர்றாங்க!" என்று கத்துவார், அவர் கத்தலில் கூட்டம் மொத்தமும் பறந்து என் ஜன்னலுக்கு வரும். தெருவே சந்தோஷமாக இருந்தது, அது பொய்யில்லை.

பிறகுதான் உதவி ஆசிரியர் வந்தார். ஏன் அந்தப் பெயர் வைத்தேன் என்று வாலுவுக்கு எழுதியிருந்தேன், நீ படித்துச் சிரித்ததாகவும் சொன்னாய். மற்றவை கொத்திக்கொண்டு போகும், இது மட்டும் குழாயடியிலேயே உட்கார்ந்து ஒரு விதையை எடுக்கும், வாயில் வைத்து மென்று மென்று பார்க்கும், பிறகு கீழே போட்டுவிடும். இன்னொன்றை எடுக்கும், அதையும் போடும். பத்திரிகை ஆபீசில் நான் கொடுத்த செய்தியை இப்படித்தான் ஓர் உதவி ஆசிரியர் வருடக்கணக்கில் மென்று துப்பிக்கொண்டிருந்தார், அதனால் வைத்த பெயர். இறகை உப்பிக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருக்கும். நான் ஜன்னலைத் திறந்தால் மற்றவை விருட்டென்று போய்விடும், இது போகாது. ஒருநாள் வெளியே போய்ப் பக்கத்தில் நின்றேன், போகவில்லை. மறுநாள் கையில் விதையை வைத்து நீட்டினேன், கொஞ்சம் தடுமாறி, என் விரலில் வந்து உட்கார்ந்தது. பாப்பா, அதன் எடை எனக்குத் தெரியவே இல்லை, நகம் பட்டதுதான் தெரிந்தது. ஹாரனைக் கூப்பிட்டுப் போட்டோ எடுக்கச் சொன்னேன். அவரே அன்றைக்குக் குரலை இறக்கி, "சார், உங்க கை ராசி சார்" என்று சொன்னார். அம்மா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "பறவைன்னா பறக்கணும். இது ஏன் உட்கார்ந்தே இருக்கு? கண்ணு வேற செருகுது" என்று சொன்னாள். உன் கைக்கு வரவில்லை என்று பொறாமை என்றேன் நான். "ஆமா, ரொம்பப் பொறாமை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று சாயங்காலமே வாலுவுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். நாம் அசையாமல் அன்பாக இருந்தால் காட்டுப் பறவையும் நம்மை நம்பும் என்று எழுதினேன், எனக்கே பிடித்துப்போய் அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். குழாயைக் கழுவாதே என்றும் அதே கடிதத்தில் எழுதினேன். அவள் அதை வகுப்பில் எழுந்து வாசித்ததும், டீச்சர் கை தட்டச் சொன்னதும், தாத்தா கையில் பறவை என்று அவள் வரைந்த படத்தைச் சுவரில் ஒட்டியதும், வகுப்பே சேர்ந்து ஜன்னலுக்கு வெளியே ஒரு குழாய் மாட்டியதும் நீ சொல்லித்தான் தெரியும். அதை நான் இந்தத் தெருவில் சொல்லாத ஆள் இல்லை.

அந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேரும் முன்பே ஒரு காலையில் அந்தச் சிட்டு குழாயடியில் கிடந்தது. கால் மடங்கி, நெஞ்சு பக்கமாகச் சாய்ந்து. குளிரில் போயிருக்கும் என்று எடுத்துப் புதைத்தேன், அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அடுத்தடுத்து இன்னும் சில கிடந்தன. ஹாரன் வீட்டிலும். அவர் தெருவில் நின்று, "சார், என் பக்கமும் ரெண்டு பயணி இறங்கிட்டாங்க, என்ன சார் நடக்குது?" என்று கேட்டார். யாராவது என்னைக் கேள்வி கேட்டால் பதில் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு எப்போது போனது என்று தெரியவில்லை. பூனை வேலை என்று சொல்லிவிட்டேன். இந்தத் தெருவில் பூனை ஒன்றே ஒன்றுதான், தையல்காரம்மாவின் குண்டுப் பூனை. பார்த்த சாட்சி இல்லை, காயம் இருக்கிறதா என்று திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, இப்படி ஒரு செய்தியை ஒரு புது நிருபர் கொண்டுவந்தால் நான் முகத்தில் எறிந்திருப்பேன். அம்மா மட்டும், "அந்தப் பூனை சோபாவுல ஏறணும்னா ஆளைக் கூப்பிட்டுத் தூக்கிவிடச் சொல்லும். அது எங்கங்க பறவை பிடிக்கப் போகுது?" என்று சொன்னாள். ஹாரனிடம் சொன்னது தெருவுக்கே சொன்ன மாதிரி, அரை மணியில் மாடிக்குப் போய்விட்டது. தையல்காரம்மா பூனையை அறையில் போட்டுப் பூட்டினார். கீழே இறங்கி வந்து என் முன்னால் நின்று, "அதுக்கு ஒரு கண்ணுதான் சார் தெரியும். வாய் இல்லாத ஜீவன் மேல பழி போட்டுட்டீங்களே" என்று சொல்லும்போது அழுதேவிட்டார். நானோ, வருத்தப்படாதீர்கள், பூனையின் இயல்பு அது என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

அவர் அதோடு விடவில்லை. மறுநாள் தன் பால்கனியில் கிடந்த ஒரு சிட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பூனையையும் கூடையில் வைத்துக்கொண்டு, கால்நடை டாக்டரிடம் போய்விட்டார். பூனை கொல்லவில்லை என்று டாக்டர் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அந்தம்மாவுக்கு வேண்டியது. திரும்பி வந்து படிக்கட்டில் நின்றபடியே எனக்குத் தீர்ப்பு வாசித்தார். "பல் பட்ட தடமே இல்லையாம். தொண்டையில நோயாம் சார். எங்கயோ ஒரே இடத்துல எல்லாம் எச்சில் வச்சுச் சாப்பிடுதாம், கழுவாத இடமாம்." அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, பூனைக் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நம்பவில்லை. நேரே கேட்டுவிடலாம் என்று அன்றே டாக்டரிடம் போனேன். சின்ன வயதுக்காரர், ஒரு நாய்க்குக் கட்டுப் போட்டுக்கொண்டே பதில் சொன்னார். தொண்டைக்குள் மஞ்சளாகப் பொருக்குக் கட்டிக்கொள்ளுமாம், பசி இருக்கும், விதையை எடுக்கும், மெல்லும், விழுங்க முடியாமல் கீழே விட்டுவிடும். விட்ட விதையை அடுத்தது எடுக்கும், இப்படித்தான் பரவும். கழுவாத குழாயும் ஈரமும் தண்ணீர்த் தட்டும் அதற்கு வசதி. மனிதருக்கு ஒட்டாது, இருந்தாலும் கை கழுவ வேண்டும் என்றார். நான் போட்டோவைக் காட்டினேன், ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை, கொஞ்சம் பெருமையில்தான் காட்டியிருப்பேன் என்று தோன்றுகிறது. பயப்படாமல் கைக்கே வந்ததே, அப்படிப்பட்ட நோய் இருந்தால் வருமா என்று கேட்டேன். அவர் படத்தை ஒரு தடவை பார்த்தார். "சார், இது பாசத்துல உட்காரல. பறக்கத் தெம்பில்ல" என்றார். பிறகு நாயைப் பார்த்து, "அவ்வளவுதான்டா, முடிஞ்சுது" என்று தட்டிக்கொடுத்தார்.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். அம்மாவுக்கு என் முகமே சொல்லியிருக்கும். நான் அப்பவே சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டுக்கூடத் தப்பித்திருப்பேன். அவள் கொக்கியிலிருந்து குழாயை எடுத்து, கையுறை போட்டுக்கொண்டு, துளை துளையாகப் பிரஷ் விட்டுத் தேய்த்தாள். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினேன். பிறகு தெருவில் இறங்கி ஹாரன் வீட்டுக்குப் போய், இறக்கிவிடுங்கள், தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் எப்போதும்போல் கத்திவிட்டால் தேவலை என்று காத்திருந்தேன். "தப்பான ரூட்டுல நம்பி வந்துட்டோம் சார்" என்று மட்டும் சொன்னார், அதுவும் மெதுவாக. மாடிக்குப் போனேன். தையல்காரம்மா கதவைத் திறந்து வழிவிட்டு, பூனையைத் தூக்கி என் முன்னால் நாற்காலியில் வைத்தார், தன்னிடம் சொல்ல வேண்டாம், பூனையிடம் சொல்லுங்கள் என்று அர்த்தம். சொன்னேன். அது ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது. "மன்னிச்சிடுச்சு சார், அதுக்கு மறதி ஜாஸ்தி" என்றார் அந்தம்மா. அவருக்கு மறதி இல்லை என்பது குரலில் தெரிந்தது.

இவ்வளவு பேரிடமும் போய் நின்ற என்னால் வாலுவிடம் நிற்க முடியவில்லை, பாப்பா. அவள் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் ஒன்று இருந்தது: சாப்பிடவில்லை, சாப்பிடவே முடியவில்லை, அதைப் பார்த்துத்தான் தாத்தா சிரித்துப் பெயர் வைத்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு நான் பறவை கைக்கு வரும் தாத்தா. அதை இழக்க மனமில்லாமல் பொய் சொன்னேன், வேறு காரணம் ஒன்றும் இல்லை. அவள் மனம் நோகுமே என்று சொன்னதாக எழுதலாம், நீ நம்பிவிடவும் செய்வாய், அதனால் எழுதவில்லை. எங்கள் பத்திரிகையில் ஒரு முறை இருந்தது. எந்தப் பக்கத்தில் தவறு வந்ததோ அதே பக்கத்தில்தான் திருத்தமும் வர வேண்டும். முதல் பக்கத்தில் தப்பாகப் போட்டுவிட்டு உள்ளே வானிலைக்குக் கீழே பொடி எழுத்தில் திருத்துபவர்களை நான் மேசையைத் தட்டித் திட்டியிருக்கிறேன். என் தவறு வாலுவின் வகுப்பில் வந்தது. ஆகவே இத்துடன் தனித்தாளில் எழுதியிருப்பதை நீ முதலில் அவளுக்குப் படித்துக் காட்டு, அழுதால் அழட்டும், பக்கத்தில் இரு. பிறகு டீச்சரிடம் கேட்டு அவளையே வகுப்பில் வாசிக்கச் சொல். அவளுக்கு இஷ்டமில்லை என்றால் டீச்சர் வாசிக்கட்டும். சுவரில் ஒட்டிய படத்தை எடுக்க வேண்டும் என்றாலும் எடுக்கட்டும், எனக்கு வருத்தமில்லை என்று எழுதப் பார்த்தேன், வருத்தம்தான்.

இன்று காலை நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே கொக்கி வெறுமையாக இருக்கிறது, டாக்டர் சொல்லும்வரை எதுவும் மாட்டுவதில்லை. வேலிப்பக்கத்துப் புதரில், பனியில் சுருங்கின காய்களைக் கொத்திக்கொண்டு பச்சைச் சிட்டு ஒன்று இருந்தது. பழக்கதோஷத்தில் நான் கதவுத் தாழ்ப்பாளை எடுத்தேன். சத்தம் கேட்டதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தது, கொத்தின காயை விழுங்கிக்கொண்டே பறந்து ஹாரன் வீட்டுக் கூரையையும் தாண்டிப் போய்விட்டது. அம்மா பின்னாலிருந்து, "பயந்துடுச்சு" என்று சொன்னாள். ஆமாம் என்றேன். இரண்டு பேரும் அது போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம், டீ ஆறிப்போனது.

வாலுவுக்கான தாள்:

திருத்தம். தாத்தா முன்பு எழுதிய கடிதத்தில், பச்சைச் சிட்டு தாத்தாவை நம்பிக் கையில் வந்து உட்கார்ந்ததாக எழுதியிருந்தது. அது தவறு. அதற்கு உடம்பு சரியில்லை, பறக்க முடியவில்லை. அது விதையைக் கீழே போட்டது விளையாட்டுக்கு இல்லை, தொண்டை வலித்தது. தீனிக் குழாயைக் கழுவக் கூடாது என்று எழுதியதும் தவறு. அடிக்கடி கழுவிக் காய வைக்க வேண்டும், தண்ணீரை மாற்ற வேண்டும். ஒரு பறவை உப்பிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் குழாயை இறக்கிவிட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். அந்தச் சிட்டு இறந்துவிட்டது. போனில் வாலு கேட்டபோது சாப்பிட்டது என்று தாத்தா சொன்னது பொய். பறவைகளைப் பூனை கொன்றது என்று தாத்தா தெருவில் சொன்னதும் தவறு, பூனை எதுவும் செய்யவில்லை. உங்களைப் பார்த்து ஒரு பறவை பறந்து போனால் அது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லாத் தவறுகளுக்கும் தாத்தா வருந்துகிறேன்.

அவ்வளவுதான் பாப்பா. நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாக இருக்க எங்கள் இருவரின் ஆசி எப்போதும் உண்டு. வாலுவின் கைகளை நன்றாகக் கழுவிவிடு, பள்ளிக்கூடக் குழாயை வெயிலில் முழுக்கக் காய்ந்த பிறகுதான் வைக்கச் சொல், அம்மா இதைத் தனியாக எழுதச் சொன்னாள். போன் செய்தால் இனி நானே எடுப்பேன். முதலில் வாலுவிடம் கொடு.

இப்படிக்கு,
வெட்கத்தோடும் அன்போடும்
உன் அப்பா